ஸ்பீக்கருக்கு முன்னால் ஸ்விட்ச்: ஐ.பி. அறிவிப்பு ஒலி அமைப்புக்கு நெட்வொர்க் போடும் முறை

ஐ.பி. ஸ்பீக்கர் என்பது ஒலிபெருக்கி வேடம் போட்ட சின்னக் கணினி. அதற்கு முகவரி உண்டு, கடவுச்சொல் உண்டு. கரண்டும் குரலும் ஒரே நெட்வொர்க் கேபிளில் வந்து சேர வேண்டும். அதனால் ‘சத்தம் வரலை’ என்று புகார் வந்ததும் ஏணி போட்டு ஸ்பீக்கரைக் கழற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. கோளாறு நெட்வொர்க் கருவிகளை அடுக்கும் ரேக்கில் இருக்கும், கேபிள் முனையில் இருக்கும், அல்லது கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்சின் செட்டிங்கில் இருக்கும்.

புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, ‘இதுக்கு எவ்வளவு ஸ்பீடு வேணும்?’ என்றுதான். ஒரு கணக்குப் போட்டால் அந்தக் கவலை தீர்ந்துவிடும். குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.722 கோடெக்கில் ஒரு குரல் ஓட்டம் விநாடிக்கு 64 கிலோபிட். குரலைச் சுமந்து செல்லும் சின்னப் பொட்டலமான பாக்கெட்டின் தலைப்புகளையும் சேர்த்தால் கேபிளில் ஓடுவது சுமார் 87 கிலோபிட். 38 ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக அனுப்பினாலும் 3.3 மெகாபிட்தான். பழைய 100 மெகாபிட் ஸ்விட்சுக்கே அது பொருட்டல்ல. வளாகத்துக்குள் அறிவிப்பு கேட்க இன்டர்நெட்டும் வேண்டாம். இந்த அமைப்பு படுப்பது மூன்று இடங்களில்: பி.ஓ.இ. கரண்டு (நெட்வொர்க் கேபிளிலேயே வரும் மின்சாரம்), மல்டிகாஸ்ட் (ஒரே குரலை எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்து அனுப்பும் முறை), இடி. கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் அந்த மூன்றில் போடுங்கள்.

கணக்குக்கு ஒரு மாதிரி வளாகம் எடுத்துக்கொள்வோம். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே, மலையடிவாரத்தில் ஒரு பள்ளி. முதன்மைக் கட்டடத்தில் இரண்டு தளம், 16 வகுப்பறை. 140 மீட்டர் தள்ளிப் புதுக் கட்டடம், 8 வகுப்பறை. 230 மீட்டர் தள்ளி விடுதி. மைதானத்தைப் பார்த்து மொட்டைமாடியில் இரண்டு கொம்பு ஸ்பீக்கர். உங்களுடையது மில்லோ மருத்துவமனையோ தேயிலைத் தொழிற்சாலையோ, எதுவானாலும் எண்ணிக்கைதான் மாறும், முறை ஒன்றே.

முதலில் தாளில்

வளாகத்தின் படத்தைக் கையாலேயே வரையுங்கள். ஸ்பீக்கர் வரும் இடங்களில் புள்ளி வையுங்கள். முதன்மைக் கட்டடத்தில் வகுப்பறைக்கு ஒன்று, வராந்தாவுக்கு நான்கு, ஆக 20 சுவர் ஸ்பீக்கர். அதோடு 2 கொம்பு. புதுக் கட்டடத்தில் 10. விடுதியில் நடைபாதைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் 6. மொத்தம் 38.

அடுத்தது தூரம். ஸ்விட்சிலிருந்து ஸ்பீக்கர் வரை செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர்: சுவரோடு பதிந்து ஓடுவது 90, இரு முனையிலும் சொருகும் குட்டிக் கேபிள்களான பேட்ச் கார்டுகளும் சேர்த்து 10. இதைத் தரையில் டேப் பிடித்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ரேக்கிலிருந்து கூரை வரை ஏறும் 3 மீட்டர், மாடிக்கு மாடி ஏறுவது, கடைசியில் ஸ்பீக்கருக்கு இறங்கும் ஒன்றரை மீட்டர், தூணைச் சுற்றும் வளைவு எல்லாம் கணக்கில் வரும். ரேக்கைக் கட்டடத்தின் ஓரத்து அலுவலக அறையில் வைக்காமல் நடுவில் வைத்தால் பாதிக் கேபிள் மிச்சம்.

முதன்மைக் கட்டடத்தில் 22 கேபிள், சராசரி 40 மீட்டர் என்றால் 880 மீட்டர். வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 968. ஒரு பெட்டி 305 மீட்டர், ஆகவே 4 பெட்டி. மூன்று பெட்டியோடு வேலையைத் தொடங்கினால் கடைசி இரண்டு அறைக்கு ஒட்டுப் போடத் தோன்றும். சுவருக்குள் போகும் கேபிளில் ஒட்டு மட்டும் கூடவே கூடாது.

கரண்டுக் கணக்கு

நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறைதான் பி.ஓ.இ. மூன்று தரம் புழக்கத்தில் உள்ளது. 2003-இல் வந்த 802.3ஏ.எஃப்: ஸ்விட்ச் போர்ட்டில் (கேபிள் சொருகும் துளையில்) 15.4 வாட், கேபிளில் இழந்தது போக ஸ்பீக்கருக்கு 12.95 வாட். 2009-இல் வந்த 802.3ஏ.டி: 30 வாட், போய்ச் சேருவது 25.5. 2018-இல் வந்த 802.3பி.டி: 60, 90 வாட் வரை. சுவர் ஸ்பீக்கருக்கு முதலாவது போதும். கொம்புக்குப் பெரும்பாலும் இரண்டாவது வேண்டும். பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு ஸ்விட்ச் வாங்குங்கள்.

இப்போது கூட்டல். 20 × 15.4 = 308 வாட். 2 × 30 = 60 வாட். மொத்தம் 368. கடைக்காரர் ‘24 போர்ட், 370 வாட் ஸ்விட்ச், கச்சிதமா இருக்கும்’ என்பார். கச்சிதமாக இருப்பதுதான் வில்லங்கம். விளிம்பு வரை நிரம்பிய ஸ்விட்ச், எல்லா ஸ்பீக்கரும் உரக்கப் பாடும் ஒரு நாளில், முன்னுரிமை குறைந்த போர்ட்டின் கரண்டை வெட்டும். முன்னுரிமை எதுவும் வைக்காவிட்டால் பெரும்பாலும் பெரிய எண் போர்ட்டுதான் முதலில் போகும். 22 ஸ்பீக்கர், மைக் கன்சோல், சர்வர் என்று 24 போர்ட்டும் தீர்ந்துவிடுவதால் நாளைக்கு ஒரு அறை கூடினால் இடமும் இல்லை.

நல்ல வழி, இரண்டு 24 போர்ட் ஸ்விட்ச். ஒற்றைப்படை அறைகள் ஒன்றில், இரட்டைப்படை அறைகள் மற்றதில். ஒரு ஸ்விட்ச் செத்தாலும் வராந்தா முழுக்க ஒன்றுவிட்டு ஒன்று பேசும்; அவசர அறிவிப்பு எல்லாருக்கும் கேட்டுவிடும். செலவு கூடும்தான். ஆனால் தீ, வெள்ளம், மண்சரிவு என்று எச்சரிக்கவும் இதே அமைப்பை நம்பப் போகிறீர்கள் என்றால் இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஒரு அறிகுறியை மனதில் வையுங்கள். கொம்பு ஸ்பீக்கர் மெதுவாகப் பேசினால் பேசுகிறது, சத்தம் கூட்டினால் ‘டொக்’ என்று அணைந்து ஒரு நிமிடம் கழித்து எழுகிறது என்றால், 30 வாட் கேட்கும் கருவியை 15.4 வாட் போர்ட்டில் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது கேபிள் போலி.

கேபிள்

போலி என்றால் சி.சி.ஏ.: அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு. பெட்டியில் ‘கேட்-6’ என்றே அச்சிட்டிருக்கும், விலை பாதிக்குப் பாதி இருக்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். டேட்டா எப்படியோ ஓடிவிடும், பி.ஓ.இ. கரண்டுதான் வழியிலேயே சூடாகக் கரையும். 20 மீட்டரில் பிரச்சினை தெரியாது. 80 மீட்டரில் தெரியும். தவிர, இரண்டு தடவை வளைத்தால் இழை ஒடியும்.

வெயில் படும் இடத்தில் கறுப்பு பாலிஎத்திலீன் உறை போட்ட வெளிப்புறக் கேபிள் மட்டும். உள்ளறைக்கான சாம்பல் நிற பி.வி.சி. உறை வெயிலில் வெடித்து, அந்த வெடிப்பு வழியாகச் சாரல் தண்ணீர் உள்ளே இறங்கி, கேபிளுக்குள்ளேயே ஓடி, கடைசியில் ஸ்விட்ச் போர்ட்டில் வந்து சொட்டும். கொம்புக்குப் போகும் கேபிள் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலே ஏறி நுழைய வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இந்தப் பக்கம் நாள் முழுக்கச் சாரல் அடிக்கும், ஈரத்தோடு பி.ஓ.இ. கரண்டும் சேர்ந்தால் கேபிள் முனையில் அடிக்கும் ஆர்.ஜே.45 செருகியின் ஊசிகள் பச்சை பூத்துப்போகும். மூடிய பெட்டி, கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்கும் ரப்பர் கிளாண்ட், இரண்டும் வேண்டும். கிளாண்ட் இல்லாத ஓட்டையில் எறும்பு குடிவரும், பிறகு அதைத் தின்னப் பல்லி வரும்.

முனை அடிப்பதில் இரண்டு பக்கமும் ஒரே வரிசை. டி568பி முறையில்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதில் மூன்றாவதும் ஆறாவதும் பச்சை ஜோடி, நடுவில் நீலம் நுழைந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்’ என்று பச்சையையும் நீலத்தையும் தொடர்ச்சியாக வரிசைப்படுத்தி அடிப்பவர்கள் உண்டு. எட்டு விளக்கு எரியும் மலிவு டெஸ்டர் அதை ‘சரி’ என்றுதான் காட்டும். ஜோடி பிரிந்துபோனதால் சத்தம் விட்டுவிட்டு வரும், அல்லது போர்ட் 10 மெகாபிட்டுக்கு இறங்கும். காரணம் தேடி ஒரு வாரம் போகும்.

ஸ்பீக்கரை மேலே ஏற்றும் முன் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் மேக் முகவரியையும் (கருவிக்குத் தயாரிப்பிலேயே தரப்படும் அடையாள எண்) அறை எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். போனில் படம் எடுத்தாலும் சரி. பத்தடி உயரத்தில் திருகி முடித்த பிறகு அந்த ஸ்டிக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கட்டடத்துக்குக் கட்டடம்: ஃபைபர் மட்டும்

140 மீட்டரும் 230 மீட்டரும் 100-ஐத் தாண்டுவதால் ஃபைபர்தான். ஆனால் தூரம் 60 மீட்டராக இருந்தாலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஏப்ரல்-மே கோடை மழையிலும் அக்டோபர்-நவம்பரிலும் இடி சாதாரணம். பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்கினால் ஒரு கட்டடத்தின் எர்த்துக்கும் அடுத்த கட்டடத்தின் எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் கணநேரம் வரும். இரண்டையும் இணைக்கும் செம்புக் கேபிள்தான் அதற்குப் பாலம். மறுநாள் காலை இரு முனையிலும் ஸ்விட்ச் கருகியிருக்கும். கண்ணாடி இழைக்கு அந்தத் தொல்லை இல்லை.

6 இழை கொண்ட சிங்கிள் மோட் ஃபைபர் வாங்குங்கள். இரண்டு இழை வேலைக்கு, நான்கு இழை வருங்காலத்துக்கும் எலிக்கும். இரும்புக் கவசமோ தொங்குகம்பியோ உள்ள ஃபைபரானால் அந்த இரும்பு இடியைக் கூட்டிவந்துவிடும். கட்டடத்துக்கு வெளியிலேயே அதை வெட்டி எர்த் செய்துவிட்டு, கண்ணாடியை மட்டும் ரேக்குக்குள் விடுங்கள். மண்ணுக்கடியில் எச்.டி.பி.இ. குழாய்க்குள் ஓட்டுங்கள். தோப்பை ஒட்டிப் போனால் காட்டுப்பன்றி கிளறாத ஆழம் வேண்டும். இரண்டு அடிக்குக் குறையாமல் தோண்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முனையிலும் 5 மீட்டர் சுருட்டி விட்டுவைத்தால் பின்னால் வெட்டுப்பட்டாலும் இழுத்து ஒட்டலாம்.

ஒட்டும் வேலைக்கு ஆள் தேடி அலைய வேண்டாம், கேபிள் டி.வி., வீட்டு ஃபைபர் இணைப்புக் கொடுப்பவர்களிடம் ஸ்ப்ளைசிங் மெஷின் இருக்கும். ஆனால் அவர்கள் பையில் இருப்பது பச்சை முனை. அது சாய்வாகத் தீட்டிய ஏ.பி.சி. ஃபைபரை ஸ்விட்சோடு இணைக்க அதில் மாட்டும் சின்னக் கருவியான எஸ்.எஃப்.பி.க்கு நீல முனை, யு.பி.சி. தேவை. பச்சையும் நீலமும் முகத்துக்கு முகம் சேராது; சேர்த்தால் வெளிச்சம் தாறுமாறாகக் குறையும், முனையும் கீறும். ‘நீல எல்.சி. பிக்டெய்ல்’ (முனை பொருத்தியே வரும் குட்டி ஃபைபர்) என்று முன்கூட்டியே சொல்லி வாங்கி வரச் சொல்லுங்கள்.

எஸ்.எஃப்.பி. இரண்டு பக்கமும் 1310 நானோமீட்டர், 10 கிலோமீட்டர் வகை. ஒரே இழையில் போய்வரும் பைடி வகையானால் ஏ ஒரு பக்கம், பி மறுபக்கம். இரண்டும் ஏ ஆக இருந்தால் ஜென்மத்துக்கும் விளக்கு எரியாது. ஒட்டி முடித்ததும் ஸ்விட்சில் பெறும் ஒளி அளவைப் பாருங்கள். 230 மீட்டரில் இழப்பு ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் இருக்கக் காரணமே இல்லை. ஒளியின் வலிமையைச் சொல்லும் டி.பி.எம். அலகில் மைனஸ் 5 முதல் மைனஸ் 11 வரை காட்டினால் நிம்மதி. மைனஸ் 18, 19 காட்டினால் விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். முனையைத் துடைத்து, வளைவைப் பார்த்து, தேவையானால் மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

மொட்டைமாடிக் கொம்புக்குச் செம்பைத் தவிர்க்க முடியாது. அதற்கு வழி: கவசம் போட்ட கேபிள், கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் திடீர் மின்பாய்ச்சலை எர்த்துக்கு இறக்கும் பி.ஓ.இ. சர்ஜ் ப்ரொடெக்டர், அதிலிருந்து எர்த் பட்டைக்கு ஒரு மீட்டருக்கு மிகாத தடித்த கம்பி. நீளமான எர்த் கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டுபவர்கள் சர்ஜ் ப்ரொடெக்டரையே வீணாக்குகிறார்கள்; அந்தச் சுருள் மின்னலைத் தடுத்து ஸ்விட்ச் பக்கம் திருப்பிவிடும். கொம்பு, இடிதாங்கியின் உச்சியைவிடத் தாழ்வாக இருக்கட்டும். சப்ளை வரும் மின்பகிர்வுப் பெட்டியிலும் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் வேண்டும். கட்டடத்துக்கு எர்த் ஒன்றே; ‘நெட்வொர்க்குக்குத் தனி எர்த்’ என்று தனியாக ஒரு குழி வெட்டி, மற்றதோடு இணைக்காமல் விடுவது ஆபத்து. குழிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றோடொன்று பிணைத்திருக்க வேண்டும். எர்த்திங்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3043, எலக்ட்ரீஷியனிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்விட்சுக்குள்: விலான், முகவரி, மல்டிகாஸ்ட்

மேனேஜ்டு ஸ்விட்ச் இல்லாமல் இந்தப் பகுதி முழுவதும் நடக்காது. செட்டிங் பக்கமே இல்லாத ஸ்விட்ச் நான்கு ஸ்பீக்கருக்கு ஓடும், நாற்பதுக்கு மல்லுக்கட்டும்.

ஸ்பீக்கர்களுக்குத் தனி விலான், அதாவது அதே ஸ்விட்சுகளுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க். எண் 30 என்று வைப்போம். கேமராவும் ஆபீஸ் கணினியும் பிள்ளைகளின் வைஃபையும் அதில் வரக்கூடாது. முகவரி 10.30.0.0/24, அதாவது 10.30.0 என்று தொடங்கிக் கடைசி எண் மட்டும் மாறும் வரிசை. நுழைவாயிலான ரவுட்டருக்கு 1, ஸ்விட்சுகளுக்கு 2 முதல் 9, சர்வருக்கு 10, மைக்குக்கு 11. முதன்மைக் கட்டடம் 101-இல் தொடங்கட்டும், புதுக் கட்டடம் 131-இல், விடுதி 151-இல். ஸ்பீக்கருக்கு நிலையான முகவரி கொடுத்துவிடுவது எளிது. கேட்கும் கருவிக்குத் தானாக முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வழியாகக் கொடுத்தால் ஒவ்வொரு மேக்குக்கும் முகவரியை ஒதுக்கி வையுங்கள்; இல்லையேல் ரவுட்டர் மாற்றிய அன்று விடுதி மணி ஆறாம் வகுப்பில் அடிக்கும்.

ஸ்பீக்கர் போர்ட்டுகளைக் காத்திருக்காமல் உடனே திறக்கும் ‘எட்ஜ் போர்ட்’ ஆக்குங்கள். நெட்வொர்க் வட்டமாகச் சுற்றிக்கொள்ளாமல் (லூப்) காக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையில் ஒரு போர்ட் திறக்க 30 விநாடி எடுக்கும். அதற்குள் ஸ்பீக்கர் எழுந்து, முகவரி கேட்டு, பதில் வராமல், 169.254 என்று தொடங்கும் தானாகப் போட்டுக்கொண்ட முகவரியோடு உட்கார்ந்துவிடும். கரண்ட் போய் வந்தால் நாலைந்து ஸ்பீக்கர் மட்டும் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம். அதேசமயம் லூப் பாதுகாப்பும் இருக்கட்டும்: விடுதியில் யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரு முனையையும் ஒரே சின்ன ஸ்விட்சில் சொருகினால், பாதுகாப்பு இல்லாத நெட்வொர்க் மொத்தமும் மூச்சடைத்துவிடும்.

இனி மல்டிகாஸ்ட். ஒரு குரலை 38 பிரதி எடுத்து அனுப்பாமல், ஒரே ஓட்டமாக ஒரு குழு முகவரிக்கு அனுப்புவது. வேண்டியவர்கள் அதில் சேர்ந்து கேட்பார்கள். எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் வாய்திறக்கும் என்பதுதான் பெரிய ஆதாயம்.

குழு முகவரியை 239-இல் தொடங்குங்கள். சொந்த வளாகத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. வகுப்பறைகளுக்கு 239.30.1.1, விடுதிக்கு 239.30.1.2, மைதானத்துக்கு 239.30.1.3, எல்லாருக்குமான அவசரத்துக்கு 239.30.1.9. போர்ட் எண் (இது ஸ்விட்சின் துளை அல்ல, மென்பொருளின் வாசல் எண்) இரட்டைப்படையாக, ஒவ்வொன்றுக்கும் வேறாக: 5004, 5006, 5008, 5010. அவசரக் குழுவுக்கு ஸ்பீக்கரில் முதல் முன்னுரிமை கொடுங்கள்; பாட்டு ஓடும்போதும் அது வெட்டிப் புக வேண்டும். 239.0.0 என்றும் 239.128.0 என்றும் தொடங்கும் முகவரிகளைத் தொடாதீர்கள். மல்டிகாஸ்ட் முகவரி மேக் முகவரியாக மாறும்போது 32 முகவரிக்கு ஒரு மேக் என்று சுருங்கும். இந்த இரண்டு வரிசையும் 224.0.0 என்ற கட்டுப்பாட்டு வரிசையின் மேக்கிலேயே போய் விழும். அதைப் பல ஸ்விட்சுகள் எல்லா போர்ட்டுக்கும் கொட்டும்.

கொட்டாமல் இருக்கத்தான் ஐ.ஜி.எம்.பி. ஸ்நூப்பிங். ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டு, எந்தப் போர்ட்டில் யார் எந்தக் குழுவில் சேர்ந்தார் என்று குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் அனுப்பும். இதைப் போடுங்கள். ஆனால் இதை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான்.

குறித்துக்கொண்ட பெயர் அப்படியே இருக்காது. க்வெரியர் என்ற ஒன்று வருகைப்பதிவு எடுக்கும் வாத்தியார் மாதிரி. வழக்கமான அமைப்பில் 125 விநாடிக்கு ஒருமுறை ‘யார் யார் இருக்கீங்க?’ என்று கேட்கும். ஸ்பீக்கர்கள் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும். வாத்தியாரே இல்லாத வகுப்பில் யாரும் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதில்லை. 260 விநாடி, அதாவது நாலே கால் நிமிடத்துக்குச் சற்று மேல், பதில் வராவிட்டால் ஸ்விட்ச் பெயரை அடித்துவிடும். அதன்பின் அந்தப் போர்ட்டுக்குக் குரல் போகாது.

இதன் அறிகுறி வேடிக்கையானது. பொருத்தி முடித்து, கரண்ட் போட்டு, ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ சொன்னால் எல்லா அறையும் பாடும். கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருத்தியவர் தென்காசி போய்ச் சேரும் முன் எல்லாம் ஊமை. ஸ்பீக்கரை அணைத்துப் போட்டால் மறுபடி பாடும், ஐந்து நிமிடத்தில் மறுபடி ஊமை. ‘ஸ்பீக்கர் மோசம்’ என்று திருப்பி அனுப்புவார்கள். ஸ்பீக்கர் பாவம். முதன்மை ஸ்விட்சில், விலான் 30-இல், ஸ்விட்சுக்கு ஒரு முகவரி கொடுத்து, க்வெரியரைப் போட்டால் தீர்ந்தது. முகவரி கொடுக்காமல் போட்டால் கேள்வி 0.0.0.0 என்ற பெயரில் போகும். சில கருவிகள் அதை மதிக்காது. ஐ.ஜி.எம்.பி. பதிப்பு எல்லா ஸ்விட்சிலும் ஒன்றாக, 2 என்றே இருக்கட்டும்.

இன்னும் மூன்று செட்டிங். அளவுக்கு மீறிக் கொட்டும் பாக்கெட்டுகளை வெட்டும் ஸ்டார்ம் கன்ட்ரோல் போடும்போது மல்டிகாஸ்டுக்கு மிகக் குறைந்த எல்லை வைத்தால் அது உங்கள் அறிவிப்பையே புயல் என்று வெட்டும். மின்சாரம் சேமிக்கும் ஈதர்நெட் வசதியை ஸ்பீக்கர் போர்ட்டுகளில் அணைத்துவிடுங்கள். தூங்கி விழிக்கும் போர்ட்டால் சிலவகைக் கருவிகளில் தாளம் தப்பும். ஒரே ஃபைபரில் கேமராக்களும் ஓடினால் குரல் பாக்கெட்டுக்கு ‘இதை முதலில் விடு’ என்று சொல்லும் டி.எஸ்.சி.பி. 46 முத்திரை குத்தி, ஸ்விட்ச் அதை மதிக்கும்படி வையுங்கள். தனி ஃபைபரானால் அதற்குத் தேவை வராது.

வைஃபை ஸ்பீக்கர் வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. வைஃபையில் மல்டிகாஸ்ட், மிகக் குறைந்த வேகத்தில், பெற்றதற்கு ஒப்புகை இல்லாமல் போகும். விழுந்த பாக்கெட் விழுந்ததுதான். கேபிள் போகவே முடியாத ஒரு இடத்துக்கு மட்டும் பாயின்ட்-டு-பாயின்ட் ரேடியோ வையுங்கள், அதிலும் அந்த ஒரு முனைக்கு யுனிகாஸ்டாக, அதாவது அதற்கென்று தனிப் பிரதியாக அனுப்புங்கள்.

பழைய 100 வோல்ட் ஆம்ப்ளிஃபயரும் கொம்புகளும் நல்ல நிலையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நெட்வொர்க்கில் வரும் குரலைச் சாதாரண ஒலி சிக்னலாக மாற்றும் ஐ.பி. டிகோடர் ஒன்று வாங்கி ஆம்ப்ளிஃபயரின் லைன் இன்புட்டில் கொடுத்தால் மைதானம் முழுக்க ஒரே முகவரியில் வந்துவிடும்.

கரண்ட் போனால்

முதன்மைக் கட்டடத்தில் 22 ஸ்பீக்கரும் சும்மா இருக்கும்போது தலைக்கு 4 வாட் வீதம் சுமார் 90, ஸ்விட்சுகளும் சர்வரும் 50. ஆக 140 வாட். எல்லாம் பேசும் சில நிமிடங்களில் 400 தொடும். எனவே யு.பி.எஸ். அளவை உச்சத்துக்கும், பேட்டரியைச் சராசரிக்கும் கணக்கிடுங்கள். 1 கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். போதும். 4 மணி நேரம் தாங்க 140 × 4 = 560 வாட்மணி; இழப்பும் பேட்டரி வயதும் பார்த்து 0.65-ஆல் வகுத்தால் சுமார் 860. 36 வோல்ட், 26 ஆம்பியர்மணி பேட்டரி 936 தரும்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் அதன் முதுகில் உள்ள சுவிட்சை ‘யு.பி.எஸ்.’ பக்கம் தள்ளிவையுங்கள். மற்றப் பக்கத்தில் கரண்ட் மாறும் இடைவெளி நீண்டு ஸ்விட்ச் அணைந்து எழும். அதோடு 22 ஸ்பீக்கரும் எழ வேண்டும். அந்த ஓரிரு நிமிடத்தில்தான் யாராவது அவசரமாக மைக் எடுப்பார்கள். பலரும் மறப்பது: புதுக் கட்டடத்து ஸ்விட்சுக்கும் விடுதி ஸ்விட்சுக்கும் தனித்தனி யு.பி.எஸ். வேண்டும். மையத்தில் மட்டும் பேட்டரி வைத்தால் ஃபைபரின் மறுமுனை இருட்டில் இருக்கும்.

ஏற்றும் முன்னும் பின்னும் சோதனை

ஒரு ஸ்விட்ச், மைக், இரண்டு ஸ்பீக்கர், ஒரு கொம்பு. இவற்றை மேசையில் வைத்து எல்லா செட்டிங்கும் போட்டுப் பேசிப் பாருங்கள். மேசையில் பேசாதது சுவரில் பேசாது. கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை இங்கேயே ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்து, தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் இங்கேயே மாற்றிவிடுங்கள்.

மேலே ஏற்றிய பிறகு இந்த வரிசையில்:

1. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிங், அதாவது கூப்பிட்டால் பதில் வருகிறதா என்ற சோதனை. நூற்றுக்கு நூறு பதில் வர வேண்டும். 98 என்றால் முனையை வெட்டி மறுபடி அடியுங்கள்.
2. ஒவ்வொரு போர்ட்டின் வேகம். எல்லாம் 100 காட்டும்போது ஒன்று மட்டும் 10 காட்டினால் அங்கே ஜோடிக் கோளாறு.
3. எல்லாவற்றையும் ஓடவிட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருந்துவிட்டு, அப்புறம் அறிவிப்பு. க்வெரியர் இல்லாவிட்டால் இங்கே மாட்டும்.
4. எல்லா ஸ்பீக்கரிலும் முழுச் சத்தத்தில் இரண்டு நிமிடம் தொனி. ஸ்விட்சின் பி.ஓ.இ. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாட்டைப் பாருங்கள்.
5. மெயினை இறக்குங்கள். ஒரு ஸ்பீக்கராவது எழுந்து ‘டிங்’ சொன்னால் யு.பி.எஸ். சரியில்லை.
6. ஃபைபரைப் பிடுங்கிச் சொருகி, விடுதி தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.
7. ஒருவர் பேச, ஒருவர் வளாகம் முழுக்க நடக்க வேண்டும்.

நடப்பவருக்கு எதிரொலி கேட்டால் உடனே நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 230 மீட்டர் தள்ளியுள்ள விடுதி வாசலில் நிற்பவருக்கு மைதானக் கொம்பின் ஒலி மூன்றில் இரண்டு பங்கு விநாடி தாமதமாகத்தான் வரும். அது இயற்பியல். கொம்பைத் திருப்புங்கள், சத்தத்தைக் குறையுங்கள். பக்கத்துப் பக்கத்து அறைகளில் எதிரொலி கேட்டால் அது வேறு: இரண்டு கம்பெனி ஸ்பீக்கர் கலந்திருக்கும், அல்லது குரலைச் சற்றுச் சேர்த்துவைத்து ஒலிக்கும் பஃபர் ஒன்றில் 60 மில்லிவிநாடி, மற்றதில் 200 என்று இருக்கும். எல்லாவற்றிலும் ஒன்றாக்குங்கள்.

வெளியே கேட்கும் சத்தத்துக்குச் சட்டம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபல்தான் அனுமதி. விடியற்காலை விடுதி மணியைக் கட்டடத்துக்குள் உள்ள ஸ்பீக்கர்களுக்கு மட்டும் கொடுக்கும் குழுவில் வைப்பதற்கு இதுவே போதிய காரணம்.

மணியடிக்க நேரம் சரியாக வேண்டும். வளாகத்து ரவுட்டரையோ சர்வரையோ மற்றக் கருவிகளுக்கு நேரம் சொல்லும் என்.டி.பி. சர்வராக வைத்து, எல்லா ஸ்பீக்கரும் அதைப் பார்க்கட்டும். நேர மண்டலம் 5:30. இன்டர்நெட் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் மணி தப்பாது. ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கும் வளாகமானால் பதிவு அறிவிப்புகளைத் தமிழ் முதலிலும் மலையாளம் பின்னாலுமாக ஒரே கோப்பில் சேர்த்து, மொத்தம் 30 விநாடிக்குள் முடியுங்கள். தனித்தனிக் கோப்பாக வைத்தால் அவசரத்தில் ஒன்றை அழுத்திவிட்டு மற்றதை மறப்பார்கள்.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கிளை இருந்து, அங்கேயும் பேச வேண்டுமென்றால் மல்டிகாஸ்ட் இன்டர்நெட்டில் போகாது. இன்டர்நெட்டுக்குள் பாதுகாப்பான தனிவழியான வி.பி.என். சுரங்கம் போட்டு, யுனிகாஸ்டாக அனுப்பி, அங்கே ஒரு சின்ன சர்வர் மறுபடி மல்டிகாஸ்டாகப் பிரிக்க வேண்டும். ரவுட்டரில் குரல் அழைப்புகள் வரும் 5060 போர்ட்டை வெளியே திறந்துவிட்டு ‘வேலை செய்யுதே’ என்று இருந்துவிடாதீர்கள். நள்ளிரவில் உங்கள் ஸ்பீக்கரில் ஊர்பேர் தெரியாதவன் பேசுவான்.

கடைசி வேலை, ரேக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள். வளாகப் படம், அறைக்கு அறை முகவரி, போர்ட் எண், குழு முகவரிகள், ஃபைபர் இழை நிறம், பெற்ற ஒளி அளவு, பேட்டரி மாட்டிய தேதி. அச்சடித்து, லேமினேட் செய்து, நான்கு மூலையும் ஒட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாமல், உறையிட்டு அலுவலகப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.